இடது பக்கம் புத்தகம், வலது பக்கம் வீடு

வாசித்ததைக் குறித்துவைக்க ஒரு நோட்டு, அன்றாடம் நடந்ததை எழுத ஒரு டைரி என்று இரண்டாகப் பிரிக்காதீர்கள். ஒரே நோட்டு போதும். நோட்டை விரித்தால் இடது பக்கம் புத்தகத்துக்கு. வலது பக்கம் வீட்டுக்கும் தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும். கொரோனாவுக்காகப் பள்ளியை மூடிய 2020 மார்ச்சில் நான் ஒன்பதாம் வகுப்பு. அப்போது தொடங்கியது. இப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். இன்னும் இப்படித்தான் எழுதுகிறேன். ஊர் கழுகுமலைப் பக்கம். லீவுக்குப் போகும்போதெல்லாம் தெருப் பிள்ளைகள், “என்னக்கா எழுதுத? எப்பிடி எழுதணும்?” என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. வாசிப்புக் குறிப்பு தனியாக இருந்தால் கொஞ்ச நாளில் ஐந்து மதிப்பெண் விடையாகிவிடும்: நூலின் பெயர், ஆசிரியர், கதைச் சுருக்கம், ‘அனைவரும் படிக்க வேண்டிய நூல்’ என்று ஒரு முடிவுரை. டைரி தனியாக இருந்தால் மனசு சரியில்லாத அன்றைக்கு மட்டும்தான் கை அதைத் தேடும். நல்ல நாட்கள் ஒன்றும் அதில் ஏறாது. இரண்டும் எதிரெதிரே இருந்தால் எழுதும்போதே கண் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும். புத்தகத்தில் வாசித்தது நம் வீட்டில் எங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்குவோம்.

பத்தாம் வகுப்பில் ஒரு சிறுகதை வாசித்தேன். அதில் வரும் கிழவிக்குத் தன் வயது தெரியாது. ஊரில் நடந்த பெரிய காரியங்களை வைத்துத்தான் கணக்குச் சொல்வாள். அந்த இடத்தை இடது பக்கத்தில் எழுதிவிட்டு, திண்ணையில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த எங்கள் ஆச்சியிடம் போனேன்.

“ஆச்சி, நீ எந்த வருசம் பொறந்த?”

“அதெல்லாம் யாருட்டி எழுதி வச்சா? தனுஷ்கோடி கடலுக்குள்ள போச்சுல்லா, அப்பம் எனக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து கெடந்துச்சு. ரயிலோட போயிருச்சுன்னு எங்க ஐயா வந்து சொன்னது ஓர்மை இருக்கு.”

புயல் தனுஷ்கோடியை அழித்தது 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டதும் அந்த இரவில்தான். முன்பல் விழுகிற வயது ஆறோ ஏழோ. அப்படியென்றால் ஆச்சி பிறந்தது 1957, 58 வாக்கில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையில் 1952 சனவரி 1 என்று போட்டிருக்கிறது. ஆச்சி சொன்னதைச் சொன்னபடியே வலது பக்கத்தில் எழுதி, கீழே இந்தக் கணக்கையும் போட்டு வைத்தேன். அந்தக் கதையை வாசிக்காமல் இருந்திருந்தால் இப்படி ஒரு கேள்வியை ஆச்சியிடம் கேட்கவே தோன்றியிருக்காது.

நோட்டும் பேனாவும்

லாங் சைஸ் நோட்டு, கோடு போட்டது, நூல் தையல் உள்ளது. சுருள் கம்பி நோட்டு வேண்டாம். ஒரு வருடத்துக்குள் தாள் கம்பியிலிருந்து கிழிந்து தனித்தனியாக வந்துவிடும். தேதி அச்சடித்த டைரியும் வேண்டாம். அதில் ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று முன்கூட்டியே அளந்து வைத்திருப்பார்கள். சொல்ல நிறைய இருக்கிற நாளில் இடம் போதாது. எழுதாத நாட்கள் வெற்றுப் பக்கமாக நின்று, அடுத்து எழுத உட்காரவே தயக்கம் வரும்.

பால்பாயின்ட் பேனாவில் எழுதுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் என் தோழி வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. மைப்பேனாவில் அவள் எழுதியிருந்த நோட்டுகள் கரைந்து நீலக் கறையாகிவிட்டன. பால்பாயின்ட்டில் எழுதியவற்றை வெயிலில் காயவைத்த பிறகு வாசிக்க முடிந்தது.

தேதி

ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி, கிழமை, எழுதுகிற இடம். தமிழ் மாதமும் தெரிந்தால் எழுதுங்கள். ஊரில் விதைப்பு, கோயில் கொடை, வெயில் எல்லாம் தமிழ் மாதக் கணக்கில்தான் நடக்கிறது.

இந்தப் பழக்கத்துக்கு நமக்கு ஒரு பெரிய முன்னோடி இருக்கிறார். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 செப்டம்பரில் தினப்படி எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு 27 வயது. பின்னால் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1761இல் இறக்கும் வரை எழுதினார். தமிழ் வருடம், மாதம், தேதி, கிழமை போட்டு, அன்று எந்தக் கப்பல் வந்தது, சரக்கு என்ன விலை போனது, யார் வந்து என்ன சொன்னார், கவர்னர் என்ன பதில் சொன்னார் என்று எழுதிக்கொண்டே போகிறார். 1748இல் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டபோதும் எழுதினார். தமிழ்ப் பண்டிதர்கள் எழுதுகிற நடையில் அவர் எழுதவில்லை. பேச்சு வழக்கும் பிறமொழிச் சொற்களும் கலந்து, வாயில் வந்தபடி எழுதினார். அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியில் மனிதர்கள் எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்று இன்றைக்கு நமக்குத் தெரிகிறது. நமக்குக் கிடைத்திருக்கும் அவருடைய குறிப்புகளில் இடைவெளிகளும் உண்டு. நீங்களும் இடைவெளி விழுந்தால் கவலைப்பட வேண்டாம். விட்டுப்போன நாட்களை நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். இன்றைய தேதி போட்டு இன்றிலிருந்து எழுதுங்கள்.

நடை விஷயத்திலும் அவரையே பின்பற்றலாம். நோட்டில் எழுதும்போது தமிழய்யா திருத்தப் போகிறார் என்ற பயம் வேண்டாம். மனிதர்கள் பேசியதைப் பேசிய மாதிரியே எழுதுங்கள். ஆச்சி ‘ஓர்மை’ என்றால் ‘ஓர்மை’தான். ‘நினைவு’ என்று திருத்தினால் அங்கே ஆச்சி இருக்க மாட்டாள்.

என்ன வாசிப்பது, எங்கே எடுப்பது

“பாடப் புத்தகத்தைப் படிக்கவே நேரம் இல்ல, இதுல கதைப் புத்தகமா?” என்று வீட்டில் கேட்பார்கள். சண்டை போடாதீர்கள். பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம். மாநிலப் பாடத்திட்டத் தமிழ்ப் பாடநூலில் இயல் முடிவில் ‘அறிவை விரிவு செய்’ என்று ஒரு பகுதி இருக்கும். அதில் சில நூல்களின் பெயர்கள் இருக்கும். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதால் பெரும்பாலும் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. அதைத்தான் நான் முதல் பட்டியலாக வைத்துக்கொண்டேன். விரிவானத்தில் வரும் கதையைப் படித்துப் பிடித்துப்போனால் அதே ஆசிரியரின் தொகுப்பைத் தேடுங்கள்.

தேடப் போக வேண்டிய இடம் உங்கள் ஊர்க் கிளை நூலகம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, மதுரையில் 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள். போக வாய்த்தால் ஒரு நாள் முழுக்க இருந்துவிட்டு வாருங்கள். ஆனால் வளருகிற வயதில் நமக்கு உதவுவது நடந்து போகிற தூரத்தில் இருக்கும் நூலகம்தான். நம் மாநிலத்தில் பொது நூலகச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. வீட்டு வரி கட்டும்போது நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். ஆகவே கூச்சம் வேண்டாம், அது நம் வீட்டுப் பணத்தில் நடப்பது. அந்தச் சட்டத்துக்குப் பாடுபட்டவர் சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன். கணக்குப் படிக்கிற எனக்கு அவர்மேல் தனிப் பிரியம்: கணித ஆசிரியராக இருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு நூலகரிடம் கேளுங்கள். ‘நல்ல புக்கு எதுனா குடுங்க சார்’ என்று கேட்டால் அவருக்கும் ஒன்றும் புரியாது. ‘கரிசல்காட்டு வாழ்க்கையைப் பற்றிக் கதை இருக்கா சார்? ரொம்பப் பெரிசா வேண்டாம்’ என்று கேட்டால் எழுந்து வந்து அலமாரியைக் காட்டுவார்.

நூலகம் இல்லாத ஊர் என்றால் செல்போன். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில், அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டுக் கதைகள் வரை இருக்கிறது. போனில் வாசியுங்கள், ஆனால் குறிப்பைக் கையால் எழுதுங்கள். போனில் எழுதிய குறிப்பைத் திரும்பத் திறந்து பார்த்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீட், டிஎன்பிஎஸ்சி என்று மூச்சு விட நேரமில்லாதவர்களுக்குக் குறுந்தொகையைச் சொல்வேன். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. பெரும்பாலும் நான்கிலிருந்து எட்டு அடி. ஒரு நாளைக்கு ஒன்று வாசித்தால் ஒரு வருடம் சொச்சத்தில் முடிந்துவிடும். உரையோடு வாசியுங்கள். உ.வே.சாமிநாதையர் உரை 1937இல் வந்தது. பதவுரை, முடிபு, விளக்கம் என்று கைபிடித்துக் கூட்டிப் போகும். பன்னிரண்டாம் வகுப்பு முழுக்க எனக்கு அதுதான் துணை.

இடது பக்கம்

கதைச் சுருக்கம் எழுதாதீர்கள். புத்தகத்தின் பெயர், ஆசிரியர், பக்க எண், ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தை ஒற்றெழுத்து, காற்புள்ளி உட்பட அப்படியே பார்த்து எழுதுங்கள். அவ்வளவுதான். ஒன்றுக்கு மேல் எழுதினால் எதைத் தேர்ந்தெடுத்தோம் என்பது தெரியாமல் போகும். அந்தத் தேர்வுதான் முக்கியம். நாலு வருடம் கழித்து, அந்த வயதில் நமக்கு எது பட்டது என்று அது சொல்லும்.

பார்த்து எழுதுவது வெறும் கைவேலை என்று நினைக்க வேண்டாம். அச்சு பரவாத காலத்தில் மாணவர்கள் ஒரு நூலைப் படிக்க வேண்டுமென்றால் ஏட்டைப் பார்த்துப் பெயர்த்து எழுதித்தான் சொந்தமாக்கிக்கொண்டார்கள். உ.வே.சா.வின் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை வாயால் பாடல் சொல்லச் சொல்ல, மாணவர்கள் ஓலையில் எழுதினார்கள். கண் தாண்டிப் போகிற இடத்தில் கை நின்று போகும். நீளமான வாக்கியம் ஒன்றைப் பார்த்து எழுதினால், வினைமுற்றை எங்கே வைத்தார், ஏன் அங்கே வைத்தார் என்று விரல் வழியே தெரிய வரும். எனக்கு இலக்கணம் புரிந்தது வகுப்பில் பாதி, இப்படி எழுதி எழுதிப் பாதி.

செய்தித்தாளில், பேருந்து நிலையச் சுவரில், ரேஷன் கடைப் பலகையில் வாசித்ததும் இடது பக்கத்துக்குத்தான் போகும். வாசித்தது எதுவாக இருந்தாலும் இடம் அது.

வலது பக்கம்

இங்கேதான் நிறையப் பேர் திணறுகிறார்கள். ‘இன்று அம்மா என்னைத் திட்டினாள். எனக்குக் கஷ்டமாக இருந்தது’ என்று எழுதி மூடிவிடுவார்கள். இதை அடுத்த வருடம் எடுத்துப் பார்த்தால் எந்தத் திட்டு, எதற்குத் திட்டு என்று ஒன்றும் பிடிபடாது. என் நோட்டிலிருந்து ஒரு பக்கத்தைத் தருகிறேன். அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். தொழிற்சாலையை எங்கள் ஊரில் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பதினொன்றாம் வகுப்பில் எழுதியது:

‘அம்மா ஆறரைக்கு வந்தாள். செருப்பை வாசலில் விடாமல் அடுப்படி வரை போட்டுக்கொண்டே போனாள். காலைப் பாத்திரம் அப்படியே கிடந்தது. “பொம்பளப் பிள்ளைக ரெண்டு இருந்தும் நான் வந்துதான் சட்டி கழுவணுமா?” என்றாள். தங்கச்சி எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள். டிபன் பாக்ஸைக் கழுவத் திறந்தால் மத்தியானச் சோறு அப்படியே இருந்தது. அம்மா சாப்பிடவில்லை.’

இதில் கோபம் என்ற சொல் இல்லை, கஷ்டம் என்ற சொல் இல்லை. நேரம், செருப்பு, பாத்திரம், அம்மா சொன்ன ஒரு வரி, டிபன் பாக்ஸ். உணர்ச்சியை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாக எழுதுங்கள், நடந்ததை எழுதி முடித்த பிறகு. நடந்ததை முதலில் எழுதினால், டிபன் பாக்ஸ் வரும் இடத்துக்கு வரும்போது நமக்கு இருந்த கோபமே வேறொன்றாக மாறியிருக்கும். வளர்வது என்பது எனக்குப் பெரும்பாலும் இந்த மாதிரி வரிகளுக்கு நடுவில்தான் நடந்திருக்கிறது.

எழுத ஒன்றுமே இல்லை என்று தோன்றினால் விலை எழுதுங்கள். தக்காளி, பால், பஸ் டிக்கெட், நோட்டு. அல்லது இன்று யாராவது உங்களிடம் சொன்ன ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். அரைப் பக்கம்கூட வேண்டாம். இரவு சாப்பிட்ட பிறகு எழுதுவதைவிட, சாயங்காலம் வீடு திரும்பியதும் எழுதுவது நல்லது. பேச்சு காதில் இருக்கும்.

பார்த்ததா, கேட்டதா

இந்த ஒரு பழக்கத்தை மட்டுமாவது எல்லோரும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நானே கண்ணால் பார்த்த செய்திக்கு ஓரத்தில் ‘பா’ என்று போடுவேன். பிறர் சொல்லிக் கேட்டதற்கு ‘கே’ போட்டு, யார் சொன்னது என்பதையும் எழுதுவேன்.

இதன் அருமை எனக்கு முழுதாகத் தெரிந்தது முதலாம் ஆண்டில், 2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. மழை நிற்கவே இல்லை. கரண்ட் போனது, பிறகு போனில் டவர் போனது. விடுதியில் இருந்த எல்லோருக்கும் வீட்டுக்குப் பேச முடியவில்லை. மறுநாள் காலை ஒரு பிள்ளை, “அணை உடைஞ்சிருச்சாம்” என்று அழுதுகொண்டே ஓடி வந்தாள். அறை முழுக்க அழுகை. நான் நோட்டில் எழுதினேன்: ‘அணை உடைந்ததாம். கே. முதல் மாடிப் பிள்ளை. அவளுக்குச் சொன்னது பால்காரர்.’ அடுத்த வரி: ‘மெழுகுவர்த்தி கடையில் தீர்ந்துவிட்டது. பா.’ எழுதும்போதே, முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்து கொஞ்சம் நிதானம் வந்தது. அதை மற்றப் பிள்ளைகளிடமும் சொன்னேன்: “பால்காரர் பார்த்தாரா, அவருக்கும் யாராவது சொன்னாங்களா?” அணை உடையவில்லை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளிலிருந்து தண்ணீரைத் திறந்துவிட்டிருந்தார்கள். தாமிரபரணி கரை தாண்டி ஓடியது.

பேப்பர் வரத் தொடங்கியதும் இடது பக்கத்தில் எழுதியவை: காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுவிட்டது. அந்த இடது பக்கத்துக்கு எதிரே, வலது பக்கத்தில், மெழுகுவர்த்தி, பால்காரர், வீட்டு நம்பரை அழுத்தி அழுத்திப் பார்த்த பிள்ளைகள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த நாட்கள் முழுசாக வருகின்றன.

வெள்ளம் இல்லாத நாளிலும் இது உதவும். ஒரு தோழியைப் பற்றி மற்றவர்கள் பேசியதை எழுதும்போது ‘கே’ போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் ‘கே’யாக இருந்தால் அந்தப் பேச்சை நாம் வேறு யாரிடமும் கொண்டுபோக மாட்டோம்.

வீட்டில் யாராவது எடுத்துப் படித்தால்

எங்கள் வீடு இரண்டு அறை. பூட்டு போட்ட மேசையெல்லாம் கிடையாது. நோட்டை ஒளித்து வைத்தால் சந்தேகம்தான் வளரும். பெண்பிள்ளை என்றால் சொல்லவே வேண்டாம். நான் செய்தது வேறு. முதல் பக்கத்தில் ‘என்னிடம் கேட்டுவிட்டுப் படிக்கவும்’ என்று எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் ஆச்சிக்கும் நானே ஒரு பக்கம் வாசித்துக் காட்டத் தொடங்கினேன். எந்தப் பக்கம் என்பது என் விருப்பம்.

அது எதிர்பாராத ஒரு நன்மையையும் தந்தது. டிபன் பாக்ஸ் பக்கத்தை ஒரு நாள் வாசித்தபோது அம்மா, “அன்னைக்கு ஏன் சாப்பிடல தெரியுமா தாயி? மருந்து முக்குற மெஷின் நின்னுபோச்சு. சரி பண்ணிருவாக, சரி பண்ணிருவாகன்னு பாத்துக்கிட்டே இருந்தோம். சாப்பிடப் போற நேரத்துல ஓட ஆரம்பிச்சிருச்சு” என்றாள். அதைப் பக்கத்தின் கீழே எழுதிக்கொண்டேன். கூடவே ஆச்சி, “என்னைய பத்தி எழுதுனத வாசிட்டி” என்று வாரா வாரம் கேட்க ஆரம்பித்தாள்.

யாருக்கும் வாசித்துக் காட்ட முடியாத பக்கங்களும் இருக்கும், இருக்க வேண்டும். அவற்றில் பெயருக்குப் பதில் ஓர் எழுத்துப் போடுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். யாராவது உங்களைத் தொந்தரவு செய்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, நோட்டில் எழுதுவதோடு நிறுத்தாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் வாய் திறந்து சொல்லுங்கள். 1098 குழந்தைகள் உதவி எண். பள்ளி மாணவர்களுக்கு 14417 இருக்கிறது. காசு கிடையாது, பெயர் கேட்டு மிரட்ட மாட்டார்கள்.

திரும்பப் படிப்பது

ஆறு மாதம் ஆகாமல் பழைய பக்கத்தைப் புரட்டாதீர்கள். எழுதிய சூடு ஆறட்டும். அரையாண்டு லீவு, கோடை லீவு இரண்டும் இதற்குப் பொருத்தம். பச்சைப் பேனா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு படியுங்கள். எதையும் அடிக்காதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். புதிதாகத் தோன்றுவதைப் பச்சை மையில், அன்றைய தேதி போட்டு, பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள்.

2021 டிசம்பர் 1, புதன்கிழமை. என் வலது பக்கத்தில் இருப்பது: ‘இன்று முதல் தீப்பெட்டி 2 ரூபாய். அண்ணாச்சி கடையில் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். பா.’ இடது பக்கத்தில் பேப்பர் செய்தி: 2007இல் 50 காசிலிருந்து 1 ரூபாய் ஆனது, 14 வருடம் கழித்து இப்போதுதான் ஏறுகிறது, பெட்டிக்கு 36 குச்சி இருந்த இடத்தில் இனி 50. கல்லூரி முதலாம் ஆண்டு லீவில் அதைத் திரும்பப் படித்தேன். விலை எழுதியிருக்கிறது, கடை எழுதியிருக்கிறது, அந்தப் பெட்டியைத் தொட்டு வேலை செய்கிற அம்மா அந்தப் பக்கத்தில் எங்கே என்று அன்றைக்குத்தான் தோன்றியது. உடனே போய்க் கேட்டேன்.

“அப்பம் கூலி கூடுச்சாம்மா?”

“வெலை கூடுன அன்னைக்கே நமக்குக் கூடுமா? மறு தீபாவளிக்குத்தான் கொஞ்சம் ஏத்துனாக. குச்சி முதல்லயே கூடிருச்சு.”

பச்சை மையில் அது இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக் கடைதான் உலகம். கல்லூரிக்கு வந்த பிறகு, கடைக்குப் பின்னால் இருக்கிற ஆபீஸ் தெரிகிறது. நான் எவ்வளவு வளர்ந்தேன் என்று யாராவது கேட்டால் இந்தப் பக்கத்தைத்தான் காட்டுவேன்.

புத்தகத்துக்கும் இது பொருந்தும். ஒரே நாவலைப் பத்தாம் வகுப்பிலும் இரண்டாம் ஆண்டிலும் வாசித்தேன். முதல் முறை நான் பார்த்து எழுதியது, ஊரை விட்டுப் போகிற மகள் பேசும் வரி. இரண்டாம் முறை எழுதியது, அவள் போன பிறகு வீட்டில் விளக்கேற்றலாமா வேண்டாமா என்று அப்பாவும் அம்மாவும் பேசிக்கொள்ளும் வரி. முதல் முறை அந்தப் பேச்சு என் கண்ணில் படவே இல்லை. பிடித்த புத்தகத்தை மூன்று நான்கு வருடம் கழித்துத் திரும்ப எடுங்கள். பழைய குறிப்பைப் பார்க்காமல் வாசித்து, வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒப்பிடுங்கள்.

நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்துக் கட்டுரையாக்கிப் பள்ளி ஆண்டு மலருக்கோ, பள்ளிக் கல்வித் துறையின் ‘தேன்சிட்டு’ போன்ற இதழுக்கோ அனுப்பலாம். அப்போது மட்டும் மனிதர்களின் பெயரை மாற்றுங்கள், அவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அச்சில் வருவதற்காகவே நோட்டை எழுத ஆரம்பித்துவிடாதீர்கள். டிபன் பாக்ஸ் காணாமல் போய் அறிவுரை வந்துவிடும்.

நோட்டு முடிந்தால்

கடைசி இரண்டு தாளை முதலிலேயே விட்டுவைத்திருங்கள். பக்கங்களுக்குப் பென்சிலில் எண் போட்டு, அந்தத் தாளில் அட்டவணை எழுதுங்கள்: ஆச்சி வயது – 14; வெள்ளம் – 61 முதல் 70; குறுந்தொகை – எங்கும். தேட வசதியாக இருக்கும். பழைய நோட்டுகளைப் பரண்மேல் போடாதீர்கள். கரையான் ஏறும். தகரப் பெட்டியில், காய்ந்த வேப்பிலை போட்டு, தரையில் படாமல் செங்கல் மேல் வையுங்கள். ஆடி மாதம் ஒரு தடவை வெயில் காட்டுங்கள்.

பழைய நோட்டில் விடை கிடைக்காமல் நிற்கிற கேள்விகளைப் புது நோட்டின் முதல் தாளில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள். இப்போது நான் எழுதும் நோட்டின் முதல் தாளில் மூன்று இருக்கின்றன. கழுகுமலையில் பாறையைக் குடைந்து எடுத்த வெட்டுவான் கோயிலை மேலிருந்து அவ்வளவு அழகாகச் செதுக்கி வந்தவர்கள் பாதியில் ஏன் நிறுத்தினார்கள்? செம்புலப்பெயனீரார் போல, பாட்டில் வரும் தொடரையே பெயராக வைத்துக் குறுந்தொகையில் குறித்திருக்கும் புலவர்களுக்கு வீட்டில் என்ன பெயர் இருந்திருக்கும்? ஒரே வீட்டில் பிறந்தும் அம்மா எட்டாம் வகுப்போடு நிற்க, சித்தி மட்டும் எப்படிப் பன்னிரண்டு வரை போனாள்? சித்தி பொங்கலுக்கு வருகிறாள். மூன்றாவதை அவளிடமும் அம்மாவிடமும் தனித்தனியாகக் கேட்டு, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுத வேண்டும்.